அவுட்காஸ்ட்: யார் யாரைத் தள்ளினார்கள்?

ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. காதில் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். தமிழ் எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான், இரண்டையும் ‘அவுட்காஸ்ட்’ என்றுதான் எழுத முடியும். ஆங்கில எழுத்தில் மட்டும் ஒன்றின் வாலில் ஒரு ‘ஈ’ உட்கார்ந்திருக்கும். மற்றதில் இருக்காது.

கல்லூரியில் படித்த காலத்தில் அம்பேத்கரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் அகராதியைப் புரட்டி ஈ போட்ட சொல்லை எழுதினேன். வாத்தியார் எட்டு இடத்திலும் அந்த ஈயைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு ஓரத்தில் ‘எழுத்துப்பிழை’ என்று போட்டார். மார்க்கும் குறைந்தது. எதிர்த்துக் கேட்கத் தைரியமில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்த சொல் பைபிளிலும் ஷேக்ஸ்பியரிலும் வருகிற சொல். அதில் ஈ கிடையாது.

அன்று சாயங்காலம் உழவர்கரையில் எங்கள் ஆயா வீட்டுக்குப் போனேன். ஆயா களையெடுத்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தது. “இங்கிலீஷ்ல நம்பள வெளிய தள்ளப்பட்டவங்கன்னு சொல்றாங்க ஆயா” என்றேன். ஆயா செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது: “இன்னாடா சொல்ற? யாரு தள்ளுனாங்க? எப்ப தள்ளுனாங்க? தள்றதுக்கு நம்ம எப்படா உள்ள இருந்தோம்? நம்ம இல்லன்னா அவன் வூட்டுப் பொணம் நடுவூட்டுலயே கெடக்கும். மொதல்ல அத்தப் போய் எழுது.”

அதை எழுத இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

முதலில் சொற்களின் பூர்வீகத்தைப் பார்த்துவிடலாம். ஈ இல்லாத சொல் பழைய ஆங்கிலச் சொல், எழுநூறு ஆண்டு வயது இருக்கும். அதில் உள்ள ‘காஸ்ட்’ என்றால் எறிதல், வீசுதல். வடக்கு ஐரோப்பியக் கடலோடிகளின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வினை. வலை வீசுவது, கல் எறிவது, குப்பையைக் கொட்டுவது எல்லாவற்றுக்கும் இந்த வினைதான். ஆக, ஈ இல்லாத அவுட்காஸ்ட் என்றால் வெளியே எறியப்பட்டவர். 1611-இல் வந்த ஆங்கில விவிலியத்தில் சிதறிப்போன இஸ்ரவேல் மக்களுக்கு இந்தச் சொல் வருகிறது. தமிழ் விவிலியத்தில் அதை ‘துரத்துண்ட’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். நல்ல தமிழ். துரத்துண்டவனுக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டிலிருந்து துரத்தினார்கள். ஒருநாள் திரும்பிப் போவான். சொல்லுக்குள்ளேயே இந்தக் கதை இருக்கிறது.

ஈ உள்ள சொல்லில் இருக்கும் ‘காஸ்ட்’ வேறு. அது சாதி. போர்த்துகீசியர் இந்தியக் கடற்கரையில் இறங்கி இங்கே உள்ளதைப் பார்த்து, தங்கள் ஊரில் குலம், வம்சம், இனம் என்று பொருள்பட்ட ‘காஸ்தா’ என்ற சொல்லைப் போட்டார்கள். அது ஆங்கிலத்துக்கு வந்தபோது ஆங்கிலேயரும் ரொம்ப நாள் ஈ இல்லாமலேதான் எழுதினார்கள். சாதிக்கும் எறிதலுக்கும் ஒரே எழுத்து. 1800 வாக்கில்தான் பிரெஞ்சு எழுத்தைப் பார்த்து, வாலில் ஈ சேர்த்து எழுதும் வழக்கம் நிலைத்தது. பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில், பழைய ‘எறியப்பட்டவர்’ என்ற சொல்லின் வாலிலும் அந்த ஈயை ஒட்டவைத்து இந்தியாவுக்கென்று ஒரு புதுச்சொல் செய்தார்கள். சாதிக்கு வெளியே உள்ளவர் என்று பொருள். எறிதலுக்கும் சாதிக்கும் மொழியளவில் உறவே கிடையாது. ஒலி ஒன்றாக இருந்த தற்செயலில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒட்டிய இடத்தில்தான் நம் வரலாறு மாட்டிக்கொண்டது.

இன்றைய ஆங்கில அகராதியைப் புரட்டினால் ஈ உள்ள சொல்லுக்கே இரண்டு பொருள் கொடுத்திருக்கிறார்கள். சாதி இல்லாதவர் என்று ஒன்று. சாதியிலிருந்து நீக்கப்பட்டவர் என்று இன்னொன்று. ‘அல்லது’ என்ற சின்னச் சொல்லைப் போட்டு இரண்டையும் ஒரே வரியில் கட்டிவிட்டார்கள். நம் ஊரில் எந்தக் கிழவியிடம் கேட்டாலும் இரண்டும் ஒன்றில்லை என்று சொல்லிவிடுவாள். சாதியிலிருந்து தள்ளிவைப்பது ஒரு தண்டனை. அதற்குப் பஞ்சாயத்து உண்டு, காரணம் உண்டு, தேதி உண்டு. தண்டம் கட்டிவிட்டு, சோறு போட்டுவிட்டு, விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். சேரியில் பிறந்தவளுக்கு எந்தத் தண்டம் கட்டினால் ஊர்த்தெருவில் வீடு கிடைக்கும்?

தள்ளிவைக்கப்பட்ட ஒருவரின் கதையைச் சொல்கிறேன். எல்லோருக்கும் தெரிந்தவர்தான். 1888-இல் மோத் பனியா சாதியைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பாரிஸ்டர் படிக்க இங்கிலாந்துக்குக் கிளம்பினான். கடல் தாண்டுவது சாதிக்கு ஆகாது என்று பம்பாயில் சாதிக்கூட்டம் கூடியது. போகாதே என்றார்கள். பையன் போவேன் என்றான். அன்றிலிருந்து இவன் சாதிக்குப் புறம்பானவன், இவனுக்கு உதவி செய்கிறவனுக்கும் வழியனுப்பப் போகிறவனுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்று சாதித்தலைவர் தீர்ப்புச் சொன்னார். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கும் சம்பவம் இது. ஆங்கிலப் பதிப்பில் அவர் தனக்குத் தானே போட்டுக்கொள்வது ஈ உள்ள சொல்தான்.

1891-இல் திரும்பி வந்ததும் அண்ணன் அவரை நாசிக்குக் கூட்டிப்போய் ஆற்றில் முழுக்குப் போடவைத்தார். ராஜ்கோட்டில் சாதிக்காரர்களுக்கு விருந்து வைத்தார். சாதியில் ஒரு பிரிவு சேர்த்துக்கொண்டது. இன்னொரு பிரிவு கடைசிவரை சேர்க்கவில்லை. அந்தப் பிரிவைச் சேர்ந்த மாமனார் வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. ரகசியமாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள், அவர் வாங்கிக் குடிக்கவில்லை. இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. தண்ணீர் மறுக்கப்படுவது என்னவென்று அந்த மனிதருக்கு ஒரு துளியாவது தெரிந்திருக்கிறது. ஆனால் அவரை யாரும் சேரியில் குடிவைக்கவில்லை. மலம் அள்ளச் சொல்லவில்லை. அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசலில் கோணி விரிக்கவில்லை. வக்கீல் தொழில் செய்தார். பனியாவாகவே இருந்தார். 1931-இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் ஒருபக்கம் காந்தி, மறுபக்கம் அம்பேத்கரும் ரெட்டமலை சீனிவாசனும். அந்த மண்டபத்தில் சாதியிலிருந்து தள்ளப்பட்டவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் காந்தியைத்தான் சொல்ல வேண்டும். அம்பேத்கரை எந்த மகர் பஞ்சாயத்தும் தள்ளிவைக்கவில்லை. அவர் பிறந்த இடத்திலேயே இருந்தார். அந்த இடம்தான் பிரச்சினை.

வெள்ளைக்காரச் சட்டமும் தள்ளப்பட்டவனைத்தான் முதலில் பார்த்தது. 1850-ஆம் ஆண்டின் 21-ஆவது சட்டம், சாதியை இழந்தவனுக்கும் மதம் மாறியவனுக்கும் சொத்துரிமை போகாது என்றது. நல்ல சட்டம்தான். யாருக்கு நல்லது? இழக்கச் சொத்து இருந்தவனுக்கு. மதம் மாறிய பிராமணப் பிள்ளைக்கு அப்பன் வீட்டுப் பங்கு கிடைத்தது. படியாளுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நம்மைத் ‘தள்ளப்பட்டவர்கள்’ ஆக்கியதில் புதுச்சேரிக்கு ஒரு பங்கு இருக்கிறது. 1792-இல் துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் புதுச்சேரிக்கு வந்தார். முப்பது வருஷத்துக்கும் மேல் தென்னாட்டில் இருந்தார். பெரும்பகுதி மைசூர்ச் சீமையில். இந்திய உடை உடுத்தி, இந்தியர் மாதிரி வாழ்ந்தவர். இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி அவர் கொடுத்த கையெழுத்துப்படியைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. 1816-இல் ஆங்கிலத்தில் வந்தது. 1897-இல் போஷாம்ப் என்பவர் பதிப்பித்த பெரிய புத்தகத்தைத்தான் இன்றுவரை நூலகங்களில் பார்க்கிறோம். கலெக்டர்களும் நீதிபதிகளும் நம்மைப் பற்றித் தெரிந்துகொண்டது அதிலிருந்து.

அந்தப் புத்தகம் பறையர்களின் தோற்றத்துக்கு ஒரு விளக்கம் சொல்கிறது. பல வகுப்புகளிலும் இருந்த ஒழுக்கங்கெட்டவர்கள், குற்றம் செய்து மரியாதைப்பட்டவர்களோடு பழகும் உரிமையை இழந்தவர்கள், ஒன்றாகச் சேர்ந்து ஒரு தனி வகுப்பானார்களாம். இழக்க ஒன்றும் இல்லாததால் மனம்போனபடி தீயவழியில் இறங்கினார்களாம். ஆதாரம் ஒன்றும் கிடையாது. ‘இருக்கலாம்’ என்ற ஊகம். ஆனால் ஊகம் அச்சேறினால் சரித்திரம்.

வேடிக்கை என்னவென்றால் இந்தப் புத்தகமே முழுக்கத் துபுவாவின் சரக்கு இல்லை. புதுச்சேரியில் 1779-இல் இறந்த கேர்தூ என்ற சேசுசபைப் பாதிரியாரின் எழுத்திலிருந்து பெரும்பகுதி எடுக்கப்பட்டது என்பதைச் சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1987-இல் விரிவாக நிறுவினார். நம்மைத் திருட்டுப்பட்டம் கட்டிய புத்தகம் தானே திருட்டுப் புத்தகம்.

இந்த ஊகம் புதிதும் அல்ல. மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளனை எப்படிப் பிறப்பிக்கிறது? சூத்திர ஆணுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறந்தவன் என்று. தாய் தகப்பன் செய்த தப்புக்குப் பிள்ளை ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், உடைந்த சட்டியில் தின்ன வேண்டும், பிணத்தின் துணியை உடுத்த வேண்டும். மனு பிறப்பில் குற்றம் கண்டான். துபுவா நடத்தையில் குற்றம் கண்டார். இரண்டு பேரும் சேர்ந்த இடத்தில்தான் ஈ இல்லாத அந்த ஆங்கிலச் சொல் வசதியாக வந்து உட்கார்ந்தது. எறியப்பட்டவன் என்றால் கேட்பவன் மனதில் உடனே எழும் கேள்வி, என்ன தப்புச் செய்தான்? எறிந்தவனை யாரும் கேட்பதில்லை.

நம் சாதிப்பெயரும் கப்பலேறிப் போய் இதே கதிக்கு ஆளானது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துகீசியக் குறிப்புகளில் அந்தப் பெயர் இருக்கிறது. 1791-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் த சேன்-பியேர் ஒரு கதை எழுதினார். அதில் காட்டுக் குடிசையில் வாழும் ஒரு ‘பாரியா’, உண்மையைத் தேடி வரும் ஆங்கில அறிஞருக்கு ஞானம் சொல்கிறான். மொரீஷியஸ் தீவுவரை வந்த அந்த ஆசிரியர் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. பிறகு அது ஐரோப்பாவில் ஒரு மோஸ்தர். 1821-இல் தெலவீஞ் அந்தப் பெயரில் நாடகம் போட்டார். 1838-இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற புரட்சிக்காரப் பெண் தன் பயண நூலின் தலைப்பில் தன்னையே ஒரு பாரியா என்று எழுதிக்கொண்டார். கணவனைப் பிரிந்து சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர் அவர். அவர் வலி உண்மையானது. ஆனால் அதோடு அந்தப் பெயர் ஒரு மக்கள்கூட்டத்தின் பெயர் என்பது மறைந்து, ஒதுக்கப்பட்ட யாருக்கும் போடக்கூடிய பெயர் ஆகிவிட்டது. பறை அடிக்கிறவன், அறுப்பு அறுக்கிறவள், வெட்டியான், தோட்டி யாரும் அந்தப் பெயருக்குள் இல்லை. எஞ்சியது ‘எறியப்பட்டவன்’ மட்டும்.

இதன் உச்சம் எங்கே என்று கேளுங்கள். இனவொதுக்கல் நடத்திய தென்னாப்பிரிக்க வெள்ளை அரசை உலக நாடுகள் புறக்கணித்தபோது, ஆங்கிலப் பத்திரிகைகள் அந்த அரசுக்குப் போட்ட பட்டம் ‘பரையா நாடு’. ஒடுக்கியவனுக்கு ஒடுக்கப்பட்டவன் பெயர்! சேரியைப் போலவே கறுப்பர்களுக்குத் தனிக் குடியிருப்புக் கட்டியவன் அவன். குற்றம் செய்ததால் கூட்டத்திலிருந்து தள்ளப்பட்டவன் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள் என்று ஆகிவிட்டதால், எழுதியவருக்கு இது உறைக்கவே இல்லை. நம் முற்போக்கு நண்பர்களும் இதை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஆயாவின் கேள்விக்கு வருவோம். நாம் எப்போது உள்ளே இருந்தோம்? புறநானூற்றில் மாங்குடி கிழார் பாட்டு ஒன்று துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கைக் குடிகள் என்று எண்ணுகிறது. அங்கே எறிந்ததும் இல்லை, எறியப்பட்டதும் இல்லை. ஆயிரம் ஆண்டு கழித்து, பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர்களின் வரியில்லா நிலங்களைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. கவனியுங்கள், சேரி ஊர்க்கணக்கில் இருக்கிறது. அளந்து, எல்லை போட்டு, எழுதி வைத்திருக்கிறார்கள். குப்பையை எறிகிறவன் குப்பைக்குக் கணக்கு எழுதமாட்டான். ஊருக்குச் சேரி வேண்டும், பக்கத்தில் வேண்டும், கூப்பிட்டால் வருகிற தூரத்தில் வேண்டும். ஆனால் தொடுகிற தூரத்தில் வேண்டாம். இந்த ஏற்பாட்டுக்கு ‘வெளியே எறிதல்’ என்று பெயர் வைத்தால் ஏற்பாட்டைச் செய்தவன் தப்பித்துக்கொள்கிறான்.

புதுச்சேரியிலேயே ஒரு சாட்சி உண்டு. ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டுப் பதிவு. சம்பாக்கோவில் என்று நாம் சொல்லும் மாதாகோவிலுக்குள்ளே அப்போது ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒருபக்கம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். கூரை ஒன்று, பூசை ஒன்று, நடுவில் சுவர். பெரிய பறைச்சேரிக்காரர்கள் போய்க் குருவிடம் நியாயம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எல்லோரையும் சமமாக அல்லவா நடத்த வேண்டும் என்பது கேள்வியின் சாரம். குரு சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 வருஷம் முன்னால், சமத்துவம் என்ற பிரெஞ்சுச் சொல் கப்பலேறி வருமுன்னால், நம் ஆட்கள் கேட்ட கேள்வி இது. ‘எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்’ என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே உள்ளேதான் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த சுவரை எடு என்றார்கள்.

அம்பேத்கர் 1948-இல் எழுதிய தீண்டத்தகாதோர் பற்றிய நூலில் இதே கேள்வியை நேராகக் கேட்கிறார். இவர்கள் ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள்? ஊருக்குள் இருந்தவர்களைத் தீண்டத்தகாதவர் என்று சொல்லி வெளியேற்றினார்களா? அல்லது தீண்டாமை வருமுன்பே வெளியேதான் இருந்தார்களா? முதலாவதற்குச் சாத்தியமில்லை, நாடு முழுக்க ஒவ்வொரு ஊரிலும் இப்படிப் பெயர்த்துக் குடியேற்ற முடியாது என்கிறார். போரில் சிதறிய குலங்களின் ஆட்கள் ஊரோரத்தில் தங்கினார்கள், பிறகு பௌத்தத்தை விடாததாலும் மாட்டுக்கறியை விடாததாலும் அவர்கள்மேல் தீண்டாமை சுமத்தப்பட்டது என்பது அவர் கருத்து. இதை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஏற்கவில்லை, நாமும் விவாதிக்கலாம். ஆனால் அந்த முதல் அடி முக்கியம். நாங்கள் எறியப்பட்டவர்கள் இல்லை என்கிறார். அவருக்கும் முன்னால், 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசர் இதைத் தலைகீழாகவே புரட்டிவிட்டார். நாங்கள் பூர்வ பௌத்தர்கள், வந்தவர்கள் நீங்கள், எங்களுக்கு இழிபெயர் வைத்தவர்களும் நீங்கள் என்றார். ரெட்டமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். ஒருவர் அந்தப் பெயரை மறுத்தார், ஒருவர் அதையே தலைப்பில் ஏற்றினார். இரண்டு பேருமே தள்ளப்பட்டவன் என்ற கதையை ஒப்புக்கொள்ளவில்லை.

பிரெஞ்சுப் பகுதியில் இன்னொன்று நடந்தது, இது ஆங்கிலச் சீமையில் இல்லாதது. 1819-இல் பிரெஞ்சு அரசு, இந்தியரை அவரவர் சாதி வழக்கப்படி நீதி விசாரிப்போம் என்று உறுதி கொடுத்திருந்தது. சாதிக்குச் சட்டப் பாதுகாப்பு! 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை இதில் ஒரு கதவைத் திறந்தது. விரும்புகிறவர் பதிவாளர் முன்னால் போய்த் தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன் என்று எழுதிக்கொடுத்து, ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கீழ் வரலாம். மனைவி, மைனர் பிள்ளைகளுக்கும் சேர்த்து. துறந்தது துறந்ததுதான், திரும்ப முடியாது. இவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள். துறந்தவர். இதில் முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873-இல் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக வெளியேற்றப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம்வரை வழக்காடி வென்றவர். அவர் வைத்துக்கொண்ட குடும்பப்பெயர் லபோர்த். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று அர்த்தம். அவர் நம்மவர் இல்லை. ஆனால் அந்தக் கதவு வழியாகப் போனவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் கிறிஸ்தவர்களும்தான். ஆங்கிலத்து அவுட்காஸ்டைச் சாதி எறிகிறது. இங்கே சாதியை மனிதன் எறிகிறான், கையெழுத்துப் போட்டு, சாட்சி வைத்து, தேதியோடு.

ஊர் சும்மா இருக்குமா? 1880-இல் பிரெஞ்சிந்தியாவில் நகராட்சிகள் வந்தன. புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் நான்கும் இந்தப் பக்கத்துக் கொம்யூன்கள். (பழைய ஆட்கள் ஒழுகரை என்பார்கள், பிரெஞ்சுக்காரன் ‘உல்கரே’ என்று எழுதினான், பலகையில் உழவர்கரை. உழுதவன் எந்தக் கரையில் இருந்தான் என்று பலகையில் இல்லை.) எல்லா ஆணுக்கும் ஓட்டு. துறந்தவர்கள் ஐரோப்பியரோடு சேர்ந்து ஒரே பட்டியலில் வந்தால் என்ன ஆகும் என்ற பயம் வெள்ளைக்காரனுக்கு. பறையன் ஐரோப்பியன் மாதிரி வாக்களிப்பதா என்ற எரிச்சல் சண்முக முதலியார் கட்சிக்கு. 1884-இல் மூன்று வாக்காளர் பட்டியல் போட்டார்கள், ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவருக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று. மாதாகோவிலில் இடித்த சுவரை ஓட்டுப்பெட்டியில் கட்டினார்கள். 1899-இல் துறந்தவர் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். சைகோனுக்கு வேலைக்கும் பட்டாளத்துக்கும் போய்ப் பென்ஷனோடு திரும்பிய ‘சொல்தா’ குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்தக் கையெழுத்து சோறு போட்டது. சேரியில் இருந்தவர்களில் மிகப் பலருக்கு அந்தக் கதவு இருந்ததே தெரியாது. சட்டத்தின் முன் சாதியைத் துறந்தவனைப் பக்கத்து வீட்டுக்காரன் துறந்தவனாகப் பார்த்தானா என்பது தனிக்கதை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது என்ன என்று கேட்கலாம். நம் புத்தகங்களையே பாருங்கள். சரண்குமார் லிம்பாலே 1984-இல் மராத்தியில் எழுதிய தன்வரலாறு ‘அக்கர்மாஷி’. பன்னிரண்டு மாஷா சேர்ந்தால் ஒரு தோலா. பதினொன்றுதான் இருக்கிறது, ஒன்று குறைகிறது, முறை தவறிப் பிறந்தவன் என்று வசவு. தகப்பன் சாதிக்காரப் பட்டேல், தாய் தலித். அந்த ஒரு மாஷாக் குறையில்தான் புத்தகத்தின் உயிரே இருக்கிறது. 2003-இல் ஆங்கிலத்தில் வந்தபோது தலைப்பு ‘அவுட்காஸ்ட்’, ஈ போட்டது. அதே 2003-இல் நரேந்திர ஜாதவின் புத்தகமும் ஆங்கிலத்தில் வந்தது. மராத்தித் தலைப்பின் அர்த்தம் ‘எங்கள் அப்பாவும் நாங்களும்’. ஆங்கிலத் தலைப்பு? அதே ‘அவுட்காஸ்ட்’. இரண்டு வேறு வாழ்க்கை, இரண்டு வேறு தலைப்பு, ஆங்கிலக் கடைக்குப் போனதும் ஒரே லேபிள். புதுச்சேரிப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக்கூலியாக வாழ்ந்த வீரம்மா தன் கதையைத் தமிழில் பாடியும் பேசியும் ஜோசியான் ராசினிடம் சொன்னார். 1995-இல் பிரெஞ்சில் வந்தபோது தலைப்பில் ‘பாரியா’, 1997-இல் ஆங்கிலத்தில் வந்தபோது தலைப்பில் ‘தீண்டத்தகாதவர்’. உள்ளே வீரம்மா சிரிக்கிறார், திட்டுகிறார், தாலாட்டும் ஒப்பாரியும் பாடுகிறார். அட்டையில் இருப்பது மற்றவன் வைத்த பெயர். பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. 2000-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்த்தபோது கருக்கு என்றே விட்டார். பனங்கருக்கு கையைக் கிழிக்கும் என்று ஆங்கிலக்காரன் தெரிந்துகொள்ளட்டுமே.

நம்மிடமும் ஒரு கோளாறு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. ஈ உள்ள சொல்லின் முதல் பொருள், சாதிக்கு வெளியே இருப்பவர் என்பது, நமக்குப் பிடித்துப்போயிற்று. மேடையில் சொன்னால் கைதட்டல் வருகிறது. புதிரை வண்ணாரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். நம் துணியை வெளுத்து, நம் தீட்டை அலசி, நம் வாசலில் சோறு வாங்கித் தின்ற குடும்பங்கள் அவை. சாதி நமக்கு வெளியே நிற்கவில்லை, நம் சேரிக்குள்ளும் அது தெரு பிரித்திருக்கிறது. 1964-இல் புதுச்சேரிக்கென்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த அட்டவணைச் சாதிகள் ஆணையில் ஆதிதிராவிடர், பறையர், பள்ளர், சக்கிலியர், வள்ளுவர், வெட்டியான், புதிரை வண்ணான் என்று தனித்தனியே பெயர் இருக்கிறது. அவுட்காஸ்ட் என்ற சொல் அதில் இல்லை. சாதியில்லாதவர்களின் பட்டியல் இல்லை அது. சாதிகளின் பட்டியல்.

ஆனால் அந்த ஆணையில் இன்னொரு பத்தி இருக்கிறது. முதலில் இந்து, சீக்கியர் என்றும் 1990-க்குப் பிறகு பௌத்தரையும் சேர்த்தும், இந்த மதங்களைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் அட்டவணைச் சாதியாகக் கருதப்படமாட்டார் என்று சொல்லும் பத்தி. 1745-இல் சம்பாக்கோவிலில் சுவரை இடிக்க வைத்தார்களே, அவர்களின் வம்சம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அதே சேரி, அதே தெரு, அதே பெயரில் திட்டு. பட்டியலில் மட்டும் இல்லை. இவர்கள் ஒருகாலத்தில் எங்கும் எறியப்படாமல் இருந்தவர்கள், சுதந்திர இந்தியாவில் காகிதத்தில் எறியப்பட்டார்கள். தேதியோடு, காரணத்தோடு, திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு. ஈ இல்லாத அவுட்காஸ்ட் என்ற சொல் யாருக்காவது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதென்றால் இவர்களுக்குத்தான்.

எங்கள் ஆயாவின் தங்கை வேதத்தில் சேர்ந்து மாதாகோவில் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் பேரன் கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்கு நடையாக நடந்தான். “ஞானஸ்நானம் வாங்கியிருக்கியா?” என்றார்களாம். ஆமாம் என்றான். “அப்ப நீ எஸ்.சி. கெடையாது” என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டான்: “மாமா, என்னைத் தள்ளிட்டாங்களா, இல்ல நான் இருந்ததே இல்லையா?” விண்ணப்பத்தாள் அவன் கையில்தான் இருந்தது. இருப்பிடம் என்ற இடத்தில், காலனி என்று அவனே எழுதியிருந்தான்.